கார்டுக்கு ஒரு டிரைவர்

அவள் வேலை பொய்ப்பல் செய்வது. டாக்டர் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் பிடித்து, பீங்கானில் இழைத்து, முகம் தெரியாத யாருக்கோ ஒரு சிரிப்பைச் செய்து அனுப்புவாள். கை நடுங்காத வேலை. அந்தக் கை இன்னொன்றுக்கும் உதவியது. தம்பியின் கம்ப்யூட்டரில் சும்மா பொழுதுபோக்காகக் கார் பந்தயம் ஓட்டத் தொடங்கியவள், சில வருஷங்களில் நாட்டில் தன்னை முந்த ஆளில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டாள். பந்தயத்துக்காக அவள் வைத்துக்கொண்ட பெயர் 'கடைவாய்ப்பல்'. விளையாட்டாக வைத்தது. அரசாங்கம் அதை அப்படியே ஆணையில் அச்சடிக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போகும்போது கம்ப்யூட்டரையும் கட்டி எடுத்துக்கொண்டு போனான். ஸ்டீரிங் மட்டும் பெட்டியில் அடங்காததால் அக்காவிடம் தங்கியது. வெறும் ஸ்டீரிங்கை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் முழித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் 'மின்விளையாட்டு உயர்வு நிலையம்' அவளைத் தேசிய வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. மண்டலத் தகுதிப் போட்டி வரப்போகிறது, இணையத்திலேயே நடக்கும், முதல் மூன்று பேருக்கு உலக இறுதிப் போட்டி. பயிற்சிக்கு நிலையத்திலேயே கம்ப்யூட்டர் உண்டு.

"போட்டி முடியிற வரைக்கும் போயிட்டு வா," என்றார் பல் பட்டறை முதலாளி. "ஜெயிச்சா உன் போட்டோவை வாசல்ல மாட்டுறேன். தோத்தா, இனிமே கீழ்வரிசைப் பல் எல்லாம் நீதான்."

கீழ்வரிசை என்பது யாரும் பார்க்காத, யாரும் பாராட்டாத வேலை. அவள் ஸ்டீரிங்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நிலையம் பெரிய கட்டடம். இயக்குநர் அறை ஒன்று, இன்னும் நியமிக்கப்படாத துணை இயக்குநருக்கு அறை ஒன்று, கூட்ட அறை ஒன்று, பெரிய கூட்டத்தில் என்ன பேசுவது என்று முடிவு செய்ய ஒரு சின்னக் கூட்ட அறை. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், விளையாடும் அறை.

இயக்குநர் வெள்ளைச் சட்டை, சிவப்புப் பேனா, கனமான குரல் கொண்டவர். இதற்கு முன் மீன்வளத்தில் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்று, அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் மேடைக் குரலில் பேசினார்.

"வீராங்கனை கடைவாய்ப்பல் அவர்களே! இந்த நிலையத்தைத் தொடங்கினபோது ஒரு முடிவு எடுத்தோம். இங்க விளையாட்டுத்தனத்துக்கு இடமே கிடையாது. யாரும் விளையாடி இதுவரைக்கும் நான் பார்த்தது இல்லை. அப்படி ஒரு கட்டுப்பாடு!"

அவள் நன்றி சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போனாள். கம்ப்யூட்டரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் ஸ்டீரிங்கை மாட்டி, பந்தயத்தைத் திறந்து, காரைக் கிளப்பினாள். கார் நகரவில்லை, இங்கே ஒரு முறை தெரிந்தது, அப்புறம் அங்கே ஒரு முறை தெரிந்தது. முதல் வளைவு வருவதற்குள் அது சுவரில் இருந்தது. எப்போது மோதியது என்பதை அவள் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது.

"சார், இதுல கிராபிக்ஸ் கார்டு இல்லை," என்றாள் இயக்குநரிடம்.

"கம்ப்யூட்டர் இருக்கே?"

"இருக்கு சார். ஆனா படம் வரையறதுக்குன்னு தனியா ஒரு கார்டு போடணும். செகண்டுக்கு நூறு படமாவது வரைஞ்சாத்தான் கார் ஓடுற மாதிரி தெரியும். இது பத்துப் பன்னிரண்டுதான் வரையுது."

"செகண்டுக்குப் பத்துப் படமா?" இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒரு மயில் வரைய ஒரு மாசம் எடுத்துக்கிட்டார். பத்து போதாதா?"

போதாது என்பதை அவருக்குப் புரியவைக்க அன்று மத்தியானம் முழுக்க ஆயிற்று. கடைசியில் மனம் இரங்கி, எழுத்தில் கேட்கச் சொன்னார். ஆனால் நிலையத்தில் எல்லாம் தூய தமிழில் இருக்க வேண்டும் என்பதால், அவள் எழுதிய 'கிராபிக்ஸ் கார்டு' சிவப்புப் பேனாவில் அடிக்கப்பட்டு 'வரைகலை அட்டை' ஆயிற்று. தமிழில் ஆனதும் அது எழுதுபொருள் பிரிவுக்குப் போயிற்று. அடுத்த வாரம் ஒரு வண்டி வந்து, படம் வரைவதற்கு மிகவும் உகந்த, வழவழப்பான காகித அட்டைகளைக் கட்டுக் கட்டாக இறக்கிவிட்டுப் போயிற்று. விளையாடும் அறையில் நிற்க இடமில்லை.

"நீங்க கேட்டதைவிட அதிகமாவே வந்திருக்கு," என்றார் இயக்குநர், கைகளைத் தேய்த்துக்கொண்டு.

"சார், இது அட்டை."

"நீங்க கேட்டது?"

"அட்டைதான் சார். ஆனா இந்த அட்டை இல்லை."

"அப்ப எந்த அட்டை? ரத்தம் உறிஞ்சுற அட்டையா? அதுக்கு வனத்துறைக்கு எழுதணும்."

அவள் தன் போனில் படத்தைக் காட்டினாள். இயக்குநர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனமான பொருள் என்றால் தேர்வுக்குழு அமைக்காமல் முடியாது என்றார்.

தேர்வுக்குழுவின் தலைவர் கொள்முதல் அதிகாரி அம்மாள். ஒல்லியானவர், நேர்மையானவர், ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாதவர். அவள் ஆசையோடு மூன்று கார்டுகளின் விவரத்தை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள். வாசலிலேயே அம்மாள் தடுத்தார்.

"நீங்க உள்ள வரக் கூடாதும்மா."

"ஏன் மேடம்? எனக்காகத்தானே வாங்கறீங்க?"

"அதனாலதான். உங்களுக்குப் பொருளைப் பத்தித் தெரியும். தெரிஞ்சவங்க குழுவில இருந்தா பாரபட்சம் வந்துடும். எனக்கு இது என்னன்னே தெரியாது. இருபது வருஷமா வாங்கின எதுவும் எனக்கு என்னன்னு தெரியாது. அதனாலதான் என் மேல ஒரு புகார்கூட இல்லை."

கெஞ்சியதில், கதவுக்கு வெளியே நின்றபடி பேசலாம் என்று அனுமதி கிடைத்தது. விவரத் தாளை உள்ளே நீட்டிவிட்டு, கதவிடுக்கு வழியாகச் சொன்னாள். "மேடம், ரொம்பப் பெரிய கார்டு வேண்டாம். நம்ம மானிட்டருக்கு நடுத்தரமான கார்டே தாராளம். அதோட மெமரி எவ்வளவு, எவ்வளவு கரண்ட் இழுக்கும், முக்கியமா நம்ம பெட்டிக்குள்ள அடங்குமான்னு பாருங்க. நான் முதல்ல எழுதியிருக்கிறது எல்லாத்துக்கும் பொருந்தும்."

உள்ளேயிருந்து இயக்குநரின் குரல் கேட்டது.

"நடுத்தரம்! அந்த வார்த்தையைக் கவனிச்சீங்களா? இந்த நிலையத்தோட பேர்லயே 'உயர்வு' இருக்கு. நாளைக்கு அமைச்சர் வந்து 'இதுதான் உங்க கார்டா'ன்னு கேட்டா, 'ஆமா சார், நடுத்தரம்'னு சொல்றதா? இதுல நீளமானது எது?"

நாடாவை வைத்துப் படங்களை அளக்கும் சத்தம் கேட்டது. அளந்தது படங்களைத்தான். ஆனாலும் முடிவு ஏகமனதாக இருந்தது.

கார்டு வந்தது. மூன்று விசிறிகளோடு, செங்கல்லைவிடப் பெரிதாக, மினுமினுவென்று. அதை வரவேற்கக் கூட்டம் கூட்டினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், இயக்குநர் கார்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் பெட்டியைத் திறந்து கார்டைப் பொருத்தப் போனாள். ஒரு விரல்கடை நீளம் அதிகம். உள்ளே போகவில்லை.

கூட்டத்தில் சலசலப்பு. இயக்குநர் கிட்டே வந்து, அவள் காதருகே மெல்லக் கேட்டார். "நுனியில மட்டும் லேசா நறுக்கிட்டா?"

கார்டைக் குழந்தையை அணைப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ வேண்டாம் சார்! செத்துடும் சார்!"

அவள் போட்ட சத்தத்தில் கார்டு தப்பியது. பெரிய பெட்டி வாங்க ஒரு குழு உட்கார்ந்தது. பெட்டி வந்த பிறகுதான், அந்தக் கார்டு இழுக்கிற மின்சாரத்தைக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தாங்காது என்பதை அவள் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீவனத்துக்கு யோசித்த கதைதான். இன்னொரு குழு உட்கார்ந்தது. அவள் தினமும் காலையில் வந்து, கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காகித அட்டைகளில் ஒன்றை எடுத்துப் பந்தயப் பாதையை வரைந்து, விரலால் வளைவுகளை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். வீட்டில் அம்மா தினமும் ஒரே கேள்வி கேட்டாள். "இன்னிக்காவது விளையாடினியா?" உலகத்தில் எந்த அம்மாவும் அந்தக் கேள்வியை அவ்வளவு கவலையோடு கேட்டிருக்க மாட்டாள்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் அவள் ஒரு தவறு செய்தாள். 'கார்டு பொருத்தப்பட்டது. இனி டிரைவர் மட்டும் தேவை' என்று எழுதிக் கொடுத்தாள். டிரைவர் என்று அவள் சொன்னது கார்டை இயக்குகிற மென்பொருளை. இந்த முறை யாரும் தமிழ்ப்படுத்தவில்லை. மறுநாள் காலை, காக்கிச் சட்டையும் தொப்பியுமாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விளையாடும் அறை வாசலில் வந்து நின்றார்.

"வணக்கம்மா. போக்குவரத்துப் பிரிவுல இருந்து வர்றேன். இங்க ஏதோ கார்டுக்கு டிரைவர் வேணும்னாங்களாம். வண்டி எங்க நிக்குது?"

அவள் திரையில் இருந்த காரைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"இதை நான் ஓட்டணுமா?"

"இல்லைண்ணே. தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க திரும்பிப் போகலாம்."

"போக முடியாதும்மா. ஆர்டர் போட்டாச்சு. இந்தக் கார்டு இருக்கிற வரைக்கும் நான் இதோட டிரைவர்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

தேவையான மென்பொருளை அவளே தன் போன் இணைப்பில் இறக்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் முதல்முறையாக அந்த அறையில் கார் ஓடியது. ஓடியது என்றால் அப்படி ஒரு ஓட்டம். ரோட்டின் தார் மினுங்கியது, மழை கண்ணாடியில் வழிந்தது, வளைவுகள் வெண்ணெயாக வந்தன. பல வாரமாகக் காகிதத்தில் விரலால் ஓட்டிய பாதை கைக்கு வந்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் பின்னால் ஒரு முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். டிரைவர் முகம் வெளுத்து, தொப்பியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"குமட்டுதும்மா. முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு நாள் வாந்தி எடுத்தது இல்லை. அடுத்தவங்க ஓட்டி உட்கார்ந்தது கிடையாது, அதான்."

அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அவள் கார்டைச் சீர்படுத்த உட்கார்ந்தாள். வாங்கி வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு குணம் உண்டு, அதை அறிந்து தட்டிக்கொடுக்க வேண்டும். வேகத்தைச் சிறிது கூட்டி, மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்து, சூடு ஏற ஏற விசிறிகள் எப்படிச் சுற்ற வேண்டும் என்று வகுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பல்லை இழைப்பது மாதிரிதான். ஒரு இழை கூடினாலும் கடிக்கும்போது தெரிந்துவிடும். வேலையில் மூழ்கியிருந்தபோது இயக்குநர் மேற்பார்வைக்கு வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் ஓவர்கிளாக் பண்றேன் சார்."

இயக்குநரின் முகம் மாறியது. "ஓவர்... கிளாக்? நேரத்துக்கு மேல வேலை வாங்கறீங்களா?"

"நேரம் இல்லை சார், வேகம். கம்பெனி வச்ச வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா..."

"யார் அனுமதி கொடுத்தா?"

அன்று மாலை சின்னக் கூட்ட அறையிலும், அதைத் தொடர்ந்து பெரிய கூட்ட அறையிலும் பேசினார்கள். இயக்குநர் எழுந்து நின்று ஆற்றிய உரையை அவள் கதவிடுக்கு வழியாகக் கேட்டாள்.

"நண்பர்களே, முப்பத்தோரு வருஷமா நான் அரசாங்க வேலையில இருக்கேன். நிர்ணயிச்ச அளவைவிட ஒரு துளி அதிகமா நான் உழைச்சதா யாராவது விரல் நீட்டிச் சொல்ல முடியுமா?"

முடியாது என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அப்படிப்பட்ட இடத்துல, நேத்து வந்த ஒரு கார்டு எல்லாரையும்விட வேகமா வேலை செய்யுதுன்னா, மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? நாளைக்கு உங்க கிட்டயும் அதே வேகத்தை எதிர்பார்க்க மாட்டாங்களா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கார்டு அலுவலக நேரத்தில் மட்டும், சாதாரண வேகத்தில், உணவு இடைவேளை விட்டு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. விசிறிகளில் தூசி படிவதைக் கொள்முதல் அதிகாரி அம்மாள் கவலையோடு சுட்டிக்காட்டினார். அரசாங்கச் சொத்து அழுக்காகக் கூடாது. எனவே கம்ப்யூட்டர் முழுவதையும் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, ஈ நுழையாதபடி அடைத்துவிட்டார்கள்.

"மேடம், இது மூச்சு விடணும் மேடம்," என்றாள் அவள்.

"வெளியிலிருந்து பார்த்தா எவ்வளவு அழகா இருக்கு பாருங்க," என்றார் அம்மாள்.

கார்டு உள்ளேயே வெந்தது. முதல் சுற்றில் நூறு படம் வரைந்தது, இரண்டாவது சுற்றில் அறுபதுக்கு இறங்கியது, மூன்றாவது சுற்றில் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாகவே அணைந்தது. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்த டிரைவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ரேடியேட்டர்ல தண்ணி இல்லாத வண்டி மாதிரி கொதிக்குதேம்மா!"

அது களைத்துவிட்டது என்று முடிவு செய்த நிலையம், அதற்கு மருத்துவ விடுப்பு கொடுத்தது.

அப்படியும் அவள் நம்பிக்கையை விடவில்லை. விடுப்பு முடிகிற நாளுக்கும் போட்டிக்கும் நடுவே சிறிது அவகாசம் இருந்தது. ஆனால் போட்டி விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நிலையம் பூட்டியிருக்கும்.

"சார், ஒரு நாள் மட்டும் திறந்து வைங்க சார்."

"ஞாயிற்றுக்கிழமை விளையாட்டா?" இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அது ஓய்வு நாள்மா. ஓய்வு நாள்ல யாராவது விளையாடுவாங்களா? போட்டியைத் திங்கட்கிழமைக்கு மாத்தச் சொல்லி அவங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கேன். பதில் வரட்டும்."

அவள் மாடிப்படிக்குக் கீழே வந்து, ஸ்டீரிங்கைக் கழற்றித் துணிப்பையில் போட்டாள். அழக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் பையின் வாயைக் கட்டும்போது கை நடுங்கியது. அந்தக் கை நடுங்கி அவள் பார்த்ததே இல்லை.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த டிரைவர் திரும்பினார். "ஏம்மா, இந்தக் கார்டு இங்க மட்டும்தான் இருக்குமா? வேற எந்தக் கம்ப்யூட்டர்லயும் இருக்காதா?"

"இருக்கும்ணே. நல்ல கம்ப்யூட்டரா இருந்தா."

"என் பொண்ணு வீட்டுப் படம் போடுறா. கட்டறதுக்கு முன்னாடியே வீடு எப்படி இருக்கும்னு திரையில சுத்திக் காட்டுவா. அவ கம்ப்யூட்டர்ல ஏதோ கார்டு போட்டிருக்கேன்னு ஒரு மாசம், மாலை போட்ட மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. வந்து பார்க்கிறியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பையோடு டிரைவர் வீட்டுக்குப் போனாள். சின்ன வீடு. ஜன்னலோரம் ஒரு மேஜை, மேஜை மேல் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் மேல் காயப்போட்ட துண்டு. டிரைவரின் மகள் துண்டை அவசரமாக எடுத்து அப்பா மேல் எறிந்தாள்.

"சூடு வெளியே போற வழியில துணி போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" பிறகு விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கக்கா. பெரிய கார்டு இல்லை, நடுத்தரம்தான். பெட்டியை அளந்து பார்த்துட்டுத்தான் வாங்கினேன்."

பெட்டியை அளந்து வாங்கினேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு பேரும் நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கார்டு முதலில் திணறியது. மகள் சொன்னாள், "இது கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும்கா. வேகத்தைக் கூட்டினா கோவிச்சுக்கிட்டுப் படுத்துடும். வோல்டேஜைக் குறைச்சுப் பாருங்க, அதே வேகத்தைச் சூடு இல்லாம கொடுக்கும்." குறைத்தார்கள். சிறிது குறைத்ததும் சரியாக ஓடியது. இன்னும் சிறிது குறைத்ததும் திரையில் பச்சைப் பச்சையாகப் புள்ளி விழுந்தது. ஒரு படி பின்னால் வந்தார்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்தார்கள். மரங்களின் நிழல் வேண்டாம் என்று நிறுத்தினாள் அவள். பார்வையாளர் கூட்டம் வேண்டாம். கண்ணாடியில் தெரியும் வானம் வேண்டாம். "அழகு போகுதேக்கா," என்றாள் மகள். "வளைவு தெரிஞ்சா போதும்மா," என்றாள் அவள். கார் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. டிரைவர் மேஜை விசிறியைக் கொண்டுவந்து கார்டுக்கு நேரே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

போட்டி தொடங்கியது. கார்கள் புறப்பட்டதும் அவள் மூன்று பேருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். பயிற்சி இல்லாத கை. இரண்டு வளைவுகளில் தாமதமாகத் திருப்பி இன்னும் இரண்டு பேரை விட்டாள். மகள் தன் துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் விரலால் ஓட்டிய பாதை அப்புறம்தான் மெல்ல மெல்லக் கைக்கு இறங்கியது. நெருக்கமான அந்த இரட்டை வளைவில் எல்லாரும் பிரேக்கை மிதிக்க, அவள் ஒரு மூச்சு தாமதித்து மிதித்து, இரண்டு பேரை உள்பக்கமாகத் தாண்டினாள். அடுத்த சுற்றில் இன்னும் இரண்டு பேர். சூடு ஏறி, கார்டு ஒரு கணம் தயங்கியது, படம் விக்கியது. மகள் எழுந்து மேஜை விசிறியைக் கையில் தூக்கிக் கார்டுக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கடைசி வரைக்கும் நின்றாள்.

அவள் இரண்டாவதாக வந்தாள்.

மகள் கத்திய கத்தலில் டிரைவர் கரண்டியோடு ஓடிவந்தார். "என்னாச்சு? எங்க இடிச்சுது?"

"இடிக்கலைப்பா! ரெண்டாவது! அக்கா ரெண்டாவது!"

அவள் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எடுத்தால் கனவாகிவிடுமோ என்று பயம்.

திங்கட்கிழமை நிலையத்தில் விசாரணை. வெற்றி பெற்றதற்காக அல்ல. எப்படி வெற்றி வந்தது என்று கண்டுபிடிக்க. இந்த முறை அவளையும் டிரைவரையும் உள்ளே உட்கார வைத்தார்கள்.

"போட்டி நடந்த நேரத்துல நம்ம கார்டு எங்க இருந்தது?" என்று கேட்டார் இயக்குநர்.

"கண்ணாடிப் பேழையில, மருத்துவ விடுப்புல," என்றார் கொள்முதல் அதிகாரி அம்மாள்.

"அப்ப நீங்க எந்தக் கார்டுல ஓட்டினீங்க?"

"இவர் பொண்ணோட கார்டு சார்," என்றாள் அவள்.

"அந்தக் கார்டு நம்ம சொத்துப் பதிவேட்டில இருக்கா?"

"இல்லை சார்," என்றார் அம்மாள்.

"பதிவேட்டில இல்லாத கார்டை இருக்கிறதா எடுத்துக்க முடியாது." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்ல அவர் முகத்தில் ஒரு ஒளி படர்ந்தது. "அப்படின்னா என்ன ஆகுது? வீராங்கனை கார்டே இல்லாம ஜெயிச்சிருக்காங்க."

"சார், அப்படி இல்லை சார்," என்று அவள் எழுந்தாள்.

"அடக்கம் வேண்டாம்மா! கார்டு இருந்தபோது உங்களால ஒரு நாள் முழுசா ஓட்ட முடிஞ்சுதா? இல்லை. கார்டு இல்லாதபோது? ரெண்டாமிடம். கணக்கு சரியாத்தான் இருக்கு." அவர் எழுந்து நின்றார். மேடைக் குரல் வந்துவிட்டது. "நண்பர்களே, இத்தனை நாளா நாம தப்பான பொருளைத் தேர்ந்தெடுக்கலை. தேவையில்லாத பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. முதலாவது குற்றம், ரெண்டாவது அனுபவம்."

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார், உட்கார்ந்திருந்தால் விளக்கம் கேட்பார்கள்.

உலக இறுதிப் போட்டிக்கு அவள் டிரைவர் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நல்ல கம்ப்யூட்டர்கள் கொடுத்தார்கள், யாரும் கயிறு கட்டவில்லை. ஐந்தாவதாக வந்தாள். பல் பட்டறை முதலாளி சொன்னபடி போட்டோவை வாசலில் மாட்டினார். அதில் அவள் சிரிப்பதைப் பார்த்து, அந்த மாதிரிப் பல்லே வேண்டும் என்று சிலர் கேட்டு வந்தார்கள். டிரைவரின் ஆர்டர் ரத்தாகவில்லை. கார்டு இருக்கிறவரைக்கும் அவர் அதன் டிரைவர். பேழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

சில மாதம் கழித்து நிலையத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. புதிய பயிற்சிக் கூடத்தைப் பார்வையிட வர வேண்டும் என்றது. இயக்குநர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்.

"உங்களால எங்களுக்குக் கண் திறந்துச்சு," என்றார் நடந்துகொண்டே. "கார்டு இல்லாம ரெண்டாமிடம் வருதுன்னா, கம்ப்யூட்டரும் இல்லாம இருந்தா முதலிடம் வராதா? இந்தக் கேள்வியை இதுவரைக்கும் எந்த நாடும் கேட்கலை."

கூடத்தின் கதவைத் திறந்தார். வரிசையாகப் பத்துப் பதினைந்து இளைஞர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கைகளும் காற்றில் வட்டமாகப் பிடித்தபடி இருந்தன. வரிசைக்குப் பின்னால் கொள்முதல் அதிகாரி அம்மாள் ஒரு விசிலோடு நடந்தார். அவர் ஊதியதும் எல்லாரும் இடது பக்கம் சாய்ந்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு பெண் மட்டும் சாயாமல், தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள்.

"சார், என் முன்னாடி ஒண்ணுமே தெரியலை சார்."

இயக்குநர் அந்தப் பெண்ணிடம் போய்த் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"ஒண்ணுமே தெரியலைன்னா, நீதான்மா எல்லாருக்கும் முன்னாடி போயிட்டிருக்கேன்னு அர்த்தம். விட்டுடாதே, அப்படியே போ!"

அந்தப் பெண் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத மிதியைத் தரையோடு தரையாக அழுத்தினாள்.